பீஸ் லில்லி: வெள்ளை மடல் பச்சையாவது ஏன்?

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடி வீடு. நர்சரியில் வாங்கியபோது பீஸ் லில்லியில் நான்கு வெள்ளைப் பூக்கள் இருந்தன. ஒன்றரை மாதத்தில் பச்சையாகிவிட்டன; இலை நுனிகளும் கருகுகின்றன. எட்டு மாதமாக மொட்டே இல்லை. நோயா?

பதில்: பச்சையானது நோயல்ல, வயது. வெள்ளையாகத் தெரிவது பூவே அல்ல. தென்னம்பாளை போல பூக்களைப் பொதிந்து வைக்கும் மடல், உருமாறிய இலை. நடுவில் நிற்கும் கதிரின் மேல் உள்ள சிறு மொக்குகள்தான் பூக்கள். அவை முதிர்ந்ததும் மடலில் பச்சையம் ஊறிவிடும். மறுபடி வெளுக்காது. அதே தண்டில் இன்னொரு பூவும் வராது. மண்ணை ஒட்டி வெட்டிவிடுங்கள். புது மடலே பச்சையாக விரிந்தால்தான் தழைச்சத்து கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

நுனிக் கருகலுக்கு உங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் போர் தண்ணீர். கடலை ஒட்டிய பகுதி, உப்பு அதிகம். மண்மேல் வெள்ளைப் படலம் கட்டியிருந்தால் அதேதான். 6 அங்குலத் தொட்டி என்றால் 5 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுக்க வடியவிடுங்கள். பிறகு மழைநீரோ, ஏசியிலிருந்து சொட்டும் நீரோ போதும். குழாயில் வரும் மெட்ரோ வாட்டரை வாளியில் பிடித்து, ஒரு ராத்திரி மூடாமல் வைத்துப் பிறகு ஊற்றலாம்.

பூக்காததற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சம். 'இருட்டிலும் வளரும்' என்று சொல்லி விற்கிறார்கள், வளரும், பூக்காது. தவிர, பல நர்சரிகளில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்துப் பூக்க வைத்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். அந்த வேகம் வீட்டில் தொடராது. கிழக்கு ஜன்னலிலிருந்து 3 அடி தள்ளி வையுங்கள். நண்பகலில் கை நிழல் மங்கலாகவாவது விழ வேண்டும். நேர் வெயில் பட்டால் இலை வெந்துவிடும்.

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஈர மண்ணில் மட்டும். பெரிய தொட்டிக்கு அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வேர் நிரம்பிய பிறகு ஒரு அளவு பெரியது போதும். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தால் தண்ணீர். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் வேர் அழுகல்; தண்ணீரை நிறுத்திவிட்டு, செடியை எடுத்து, கறுத்த வேர்களை வெட்டிப் புது மண்ணில் நடுங்கள்.

இடம் மாற்றியபின் மூன்று நான்கு மாதம் பொறுங்கள். மே வெயிலில் மொட்டை எதிர்பார்க்க வேண்டாம். சேம்புக் குடும்பச் செடி என்பதால், கடித்தால் பச்சைக் கருணைக்கிழங்கு போல வாய் அரிக்கும். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.