இருபதாம் தேதியும் இரண்டு மாடுகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

கோபி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். மூன்று ஏக்கர் தோட்டம், வாய்க்கால் பாசனம். ஒன்றரை ஏக்கரில் மஞ்சள், மீதியில் வாழையும் மாட்டுத் தீவனமும். கறவை மாடு இரண்டு, ஆளுக்கு எட்டு லிட்டர் கறக்கும். வீட்டில் நான், கணவர், மாமா, அத்தை, இரண்டே கால் வயதில் ஒரு மகள். நான் பி.காம். படித்தவள். கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பாப்பா பிறந்த பிறகு அதே வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன். பெரும்பாலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன். மாதம் 18 ஆயிரம் கொடுக்கிறார்கள்.

நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து சொசைட்டிக்குக் கொடுத்தனுப்பி, டிபன் செய்து, பாப்பாவைக் குளிப்பாட்டி, ஒன்பதரைக்கு லேப்டாப் முன் உட்கார்வேன். பதினொரு மணிக்குத் தோட்டத்து ஆட்களுக்கு டீ. மூன்று மணிக்கு மறுபடி மாடு. பாப்பா தூங்கிய பிறகு விட்டுப்போன வேலை. ரிட்டர்ன் போட வேண்டிய 20ஆம் தேதி நெருங்கினால் படுக்க ஒரு மணி ஆகும். என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. கணவர் நல்லவர், சொன்னால் செய்வார். அத்தைக்கு முழங்கால் வலி, ஆனாலும் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். "நாங்க மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இதைவிட ஜாஸ்தி செஞ்சோம்" என்பார். எனக்குப் பதில் வராது. போன மாதம் நான் மீட்டிங்கில் இருந்தபோது பாப்பா மாட்டுத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் தற்செயலாகப் பார்த்து ஓடினேன். அதிலிருந்து வேலையை விட்டுவிடலாமா என்று யோசனை. எனக்குத்தான் நேரத்தைப் பிரித்துக்கொள்ளத் தெரியவில்லையோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நேரத்தைப் பிரிக்கத் தெரியாதவர் ஜிஎஸ்டி வேலையில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க முடியாது. 11ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி, தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், பில்லைக் கடைசி நாள் சாயந்திரம் வாட்ஸப்பில் அனுப்பும் கிளையண்ட் வேறு. இதையெல்லாம் ஓட்டுகிறவருக்கு அட்டவணை போட நான் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தச் சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

நாலரைக்கு எழுந்து ஒரு மணிக்குப் படுத்தால் மூன்றரை மணி நேரத் தூக்கம். உங்கள் நாளில் தள்ளிப்போட முடியாதவை மூன்று: மாட்டின் மடி, குழந்தை, 20ஆம் தேதி. கறவையை ஒரு வேளை விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வந்தால் டாக்டர் செலவோடு பாலும் போகும். மற்றதை எல்லாம் தள்ளலாம். தள்ளித் தள்ளி அவை உங்கள் ராத்திரிக்குள் வந்து விழுகின்றன. இதை அட்டவணையால் சரிசெய்ய முடியாது. அந்த மூன்றில் ஒன்று உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். நீங்கள் வேலையை விடலாம் என்கிறீர்கள். நான் மாட்டை விடச் சொல்வேன்.

கோபம் வேண்டாம், சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் டிபனோடும் பாப்பா குளியலோடும் ஒரே வரியில் வந்துவிட்டன. நம் வீடுகளில் அப்படித்தான், பெண்பிள்ளை செய்தால் எல்லாமே வீட்டுவேலை. ஆனால் அரசாங்கம் அப்படி எண்ணுவதில்லை. மக்கள் தங்கள் நேரத்தை எதில் செலவிடுகிறார்கள் என்று மத்திய புள்ளியியல் துறை 2019இலும் 2024இலும் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம் என்கிறது 2024 கணக்கு. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். விற்பதற்காக மாடு வைத்துப் பால் கறப்பது இந்த 289இல் சேராது. அது தொழில் என்று தனிக் கட்டத்தில் போகிறது. ஆக நீங்கள் வீட்டுவேலையோடு இரண்டு தொழில் செய்கிறீர்கள். ஒன்றுக்குச் சம்பளம் வருகிறது. இன்னொன்றின் பணம் சொசைட்டி பாஸ்புக்கில் ஏறுகிறது. அந்தப் பாஸ்புக் யார் பேரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

இரண்டாவது தொழிலின் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். கணக்கு உங்களுக்குக் கைவந்தது, தப்பிருந்தால் திருத்துங்கள். இரண்டு மாட்டுக்கும் சேர்த்து நாளைக்கு 16 லிட்டர். சொசைட்டியில் கொழுப்புப் பார்த்து லிட்டருக்கு 35 ரூபாய் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 560 ரூபாய். அடர்தீவனம் மாட்டின் உடம்புக்கு ஒன்றரை கிலோ, பாலில் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்று போட்டால் ஒரு மாட்டுக்கு 4.7 கிலோ, இரண்டுக்கு 9.4. கிலோ 30 ரூபாய் என்றால் 282 ரூபாய். மிச்சம் 278. வைக்கோல், தாது உப்பு, சினை ஊசி, டாக்டர் எல்லாம் இதிலிருந்துதான் கழிய வேண்டும். வருஷம் முழுக்கப் பாலும் இருக்காது. கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்த வேண்டும், அப்போதும் மாடு தின்னும். தீவனத் தட்டு வெட்டிப் போடுவதையும் மாட்டுக் கட்டுத்தரை கூட்டுவதையும் சேர்த்தால் இதற்கு நாளொன்றுக்கு மூன்று மூன்றரை மணி நேரம் போகும். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்த கூலியே 336 ரூபாய். உங்கள் 18 ஆயிரத்தை 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 692 வருகிறது. இந்த 278ஐக் காப்பாற்றுவதற்காக அந்த 692ஐ விட்டுவிடலாமா என்றுதான் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மாட்டில் வேறு வரவு இல்லையா என்றால் இருக்கிறது. மஞ்சளுக்குத் தொழுவுரம் வேண்டும். கன்று விற்றால் காசு. மழையில்லாத வருஷத்தில் பால் பணம்தான் மளிகைக் கடையை ஓட்டும். நம் பக்கத்துச் சிறு விவசாயி மாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை. அதனால்தான் இரண்டையும் விற்கச் சொல்லவில்லை. ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். சினையாகவோ கன்றோடோ கொடுத்தால் விலை கிடைக்கும். ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை சந்தை, இல்லை உள்ளூரிலேயே கேட்கிறவர்கள் இருப்பார்கள். அத்தை "வீட்டு லட்சுமி" என்று கண் கலங்குவார். கலங்கட்டும். ஒரு லட்சுமி வீட்டில்தானே இருக்கப்போகிறாள்.

மிஞ்சும் அந்த ஒரு மாடு முழுக்க உங்கள் கணவர் பொறுப்பு. "சொன்னால் செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று ராவும் பகலும் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது யாருக்கு? தீவன மூட்டை எத்தனை நாளைக்கு வரும், சாயந்திரம் பருவத்துக்கு வந்து கத்திய மாட்டுக்கு மறுநாள் காலையே சினை ஊசி போட டாக்டரைக் கூப்பிட வேண்டுமே, அது தப்பினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டுமே என்பதெல்லாம் இப்போது உங்களுக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியட்டும். ஒரு தடவை மறந்து ஒரு பருவம் தப்பினால் தப்பட்டும், நீங்கள் நினைவூட்டக் கூடாது. கஷ்டம்தான், வாய் நிற்காது. ஆனால் நினைவூட்டிக்கொண்டே இருந்தால் மாடு கை மாறாது.

இனி பாப்பா. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஹெட்செட் மாட்டிக்கொண்டிருக்கும் அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவில்லை, ஒரே வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். முழங்கால் வலிக்கிற பாட்டியால் இரண்டே கால் வயதின் பின்னால் ஓட முடியாது. டவுன் வீட்டில் ஒரு கதவைச் சாத்தினால் போதும். தோட்டத்து வீட்டில் சாத்துவதற்குக் கதவு ஏது? கிணறு, மாட்டுத் தொட்டி, வாய்க்கால், மோட்டார் ரூமில் பூச்சிமருந்துப் பாட்டில், மஞ்சள் வேக வைக்கும் காலத்தில் கொதிக்கிற கொப்பரை. குழந்தை தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் சத்தமே கேட்காது. தொட்டி என்பதுகூட வேண்டாம், பாதி வாளித் தண்ணீர் போதும். தொட்டிக்கு இந்த வாரமே கம்பி வலையில் மூடி போடுங்கள், மாடு குடித்ததும் மூடட்டும். மருந்துப் பாட்டில்கள் பூட்டுக்குள் போக வேண்டும். வாசலிலிருந்து கட்டுத்தரைக்குப் போகும் வழியில் இடுப்புயரத்துக்கு ஒரு படல், கொக்கி அந்தப் பக்கம்.

அப்புறம் பால்வாடி. நம் ஊர் அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள், மதியச் சாப்பாடும் உண்டு. "தோட்டத்துக்காரங்க வீட்டுப் புள்ளைய பால்வாடிக்கு அனுப்பறதா" என்று ஒரு பேச்சு கிளம்பும். உங்கள் கடிதத்தில் பால்வாடி என்ற சொல்லே வராததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணமாக இருக்கலாம். யாரோடு யார் பிள்ளை உட்கார்ந்து சாப்பிடுவது என்கிற பழைய கணக்குதான் அதற்குள் இருக்கிறது. நீங்கள் அதற்குப் பணிய வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். இடம் சுத்தமாக இருந்து, டீச்சர் ஒழுங்காக வருகிறவராக இருந்தால் காலையில் விட்டு, சாப்பிட்ட பிறகு கூட்டி வரலாம். கொண்டுபோய் விடுவது மாமா வேலை. அத்தைக்கும் கால் நீட்ட நேரம் கிடைக்கும்.

சட்டமும் இதில் கொஞ்சம் வேடிக்கை. மகப்பேறு சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. விடுப்பு முடிந்த பிறகு, வேலை அதற்கு ஏற்றதாக இருந்தால், முதலாளியும் அம்மாவும் பேசி வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் சொன்னது. காப்பகமும் வீட்டிலிருந்து வேலையும் தனித்தனி ஏற்பாடுகள். நடப்பில் இரண்டாவதைக் கொடுத்துவிட்டால் முதலாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மாதான் வீட்டில் இருக்கிறாளே!

அத்தை சொல்வதற்கு உங்களுக்குப் பதில் வராதது இயல்புதான், அவர் பொய் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அத்தனையும் செய்தார். ஆனால் அந்தப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வைத்திருந்தது யார் என்று ஒரு நாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். என் வயதுக்காரர்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக மூன்றாம் வகுப்போடு, நாலாம் வகுப்போடு நின்ற அக்காக்கள் ஊருக்கு ஊர் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் சின்னம்மா, பெரியம்மா, கல்யாணம் ஆகாத நங்கை என்று கைகள் இருந்தன. அத்தைக்கு 20ஆம் தேதியும் கிடையாது. இதைச் சண்டையாகச் சொல்லிவிடாதீர்கள். அவர் முழங்கால் ஏன் போயிற்று என்பதும் இதே கதைதான். உங்களுக்குக் கிடைக்கிற முதல் கட்சிக்காரராக அவரே இருக்கக்கூடும்.

சின்ன விஷயம் ஒன்று, பதினொரு மணி டீ. ஐந்தாறு ஆட்களுக்குப் பால் காய்ச்சி, டீ போட்டு, தூக்கில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, டம்ளரைக் கழுவி வைத்தால் முக்கால் மணி நேரம் போகும். ஆபீஸ் வேலை சூடு பிடிக்கிற நேரமும் அதுதான். கடையில் பிளாஸ்க்கைக் கொடுத்து வாங்கி வரச் சொல்லுங்கள், கூட நாலு வடையும். நூறு ரூபாய்க்கு மேல் ஆகலாம், ஆகட்டும். மஞ்சளுக்குக் களையெடுப்பு ஆடி, ஆவணி, புரட்டாசி என்று வரும். வருமான வரிக் கெடு வரும் ஜூலை, செப்டம்பர் கடைசிகள் உங்கள் ஆபீஸில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். அந்த மாதங்களிலாவது இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி. பூமி மாமா பேரில் இருக்கும் என்று நினைக்கிறேன். மாடும் உங்கள் பேரில் இருக்காது. உங்கள் பேரில் மாதாமாதம் நிச்சயமாக வருவது அந்த 18 ஆயிரம்தான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில், ஊரில் இருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று. நல்ல தீர்ப்பு, ஆனால் அதற்காக அந்த அம்மாள் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. உங்கள் கணக்கில் ஏறும் சம்பளத்துக்கு எந்தக் கோர்ட்டும் தேவையில்லை. மாட்டையும் பால்வாடியையும் டீயையும் மாற்றிப் பாருங்கள். மஞ்சள் வெட்டி, வேக வைத்து, காயப்போட்டு முடித்த பிறகும், பங்குனியிலும், இதே நிலைமை என்றால் ஆபீஸில் நேரத்தைக் குறைத்துக் கேளுங்கள். விடுவதைப் பற்றி அதற்கும் பிறகு யோசிக்கலாம்.

உங்கள் கணவருக்கு இதைப் படிக்கக் கொடுங்கள். மாடு விற்பதில் அவருக்கு வேறு கணக்கு இருக்கலாம், இருந்தால் அவரே எனக்கு எழுதட்டும். அதையும் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா