வேன் பயணத்துக்குப் பவர் ஸ்டேஷன்: கேள்வி பதில்

கோவையிலிருந்து: பழைய டெம்போ டிராவலரைக் கேம்பர்வேனாக மாற்றியிருக்கிறோம். நான்கு பேர். எத்தனை வாட் பவர் ஸ்டேஷன் வாங்கலாம்?

பவர் ஸ்டேஷன் என்பது பேட்டரியும், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் சேர்ந்த, தூக்கிச்செல்லும் பெட்டி. அதிலிருந்து ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதை வாட் சொல்லும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வாட் மணி சொல்லும். மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் 1000 வாட் மணி. கடைக்குப் போகும் முன் உங்கள் ஒரு நாள் செலவைத் தாளில் எழுதுங்கள். 30 வாட் விசிறி இரவில் 8 மணி நேரம் ஓடினால் 240 வாட் மணி. நான்கு கைபேசிகள், ஒரு லேப்டாப், விளக்குகள் எல்லாம் சேர்த்து 170 வரும். கம்ப்ரசர் உள்ள சிறிய கார் ஃபிரிட்ஜ் நம் வெயிலில் ஒரு நாளைக்கு 400 முதல் 600 வரை எடுக்கும். ஆக, ஏறக்குறைய ஒரு யூனிட். 230 வோல்ட் பிளக்கில் இயக்கினால் இன்வெர்ட்டரிலேயே பத்துப் பதினைந்து சதவீதம் போய்விடும். தினமும் வண்டி ஓடும், வெயிலும் கிடைக்கும் என்றால் 1000 வாட் மணி சமாளிக்கும். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவீர்கள் என்றால் 2000 பாருங்கள்.

மதுரையிலிருந்து: 3,00,000 எம்.ஏ.எச். (மில்லியாம்பியர் மணி) என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பெரியதுதானே?

அந்த எண் பெரும்பாலும் பேட்டரிக்குள் இருக்கும் ஒற்றைச் செல்லின் மின்னழுத்தத்துக்குக் கணக்கிட்டது. 3,00,000 எம்.ஏ.எச். என்பது 300 ஆம்பியர் மணி. அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 1110 வாட் மணிதான் வரும். வாட் மணியை அச்சிடாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

திருச்சியிலிருந்து: இண்டக்‌ஷன் அடுப்பும் மிக்சியும் ஓடுமா?

மிக்சி ஓடும். 750 வாட் மிக்சியை ஐந்து நிமிடம் ஓட்டினால் சுமார் 60 வாட் மணிதான் செலவு. ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால் 1500 வாட் இன்வெர்ட்டராவது இருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பு 1500 வாட்டில் அரை மணி எரிந்தால் 750 வாட் மணி, அதாவது உங்கள் நாள் கணக்கில் முக்கால் பங்கு, ஒரே சமையலில் தீர்ந்துவிடும். சூடாக்கும் வேலையைக் கேஸ் அடுப்புக்கு விட்டுவிடுங்கள். அதை வண்டிக்கு வெளியே வையுங்கள். மூடிய வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சேலத்திலிருந்து: நாள் முழுக்க ஓட்டியும் பவர் ஸ்டேஷன் நிரம்பவில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில்தான் செருகியிருந்தேன். பழுதா?

பழுதில்லை. அந்தச் சாக்கெட்டின் வழியாகச் சுமார் 100 வாட்தான் வரும். காலியான 1000 வாட் மணிப் பெட்டி நிரம்பப் பத்து மணி நேரம் ஆகும். நடுவில் ஃபிரிட்ஜும் அதிலிருந்தே குடித்துக்கொண்டிருக்கும். வாங்கும்போது எல்லோரும் கொள்ளளவைப் பார்க்கிறார்கள். பயணத்தில் நம்மைக் காப்பாற்றுவது அது நிரம்பும் வேகம். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் எடுக்கும் தனிச் சார்ஜரைப் பொருத்தினால், மாடலைப் பொறுத்து 300 வாட்டுக்கு மேல் கிடைக்கும். தடித்த ஒயர் வேண்டும், வண்டி பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

அதே நண்பர்: சோலார் போதாதா?

துணைக்குப் போதும். 200 வாட் பேனல் உச்சி வெயிலில் 120 முதல் 150 வாட் வரை தரும். சூடேறினால் பேனலின் திறன் குறையும். மடிக்கும் பேனலை வாங்கினால் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுப் பேனலை மட்டும் வெயிலில் விரிக்கலாம். நம் ஊரில் இது பெரிய வசதி. பூட்டிய வேன் வெயிலில் நின்றால் உள்ளே இருக்கும் பேட்டரிக்கும் அந்தச் சூடு கெடுதல். இரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும். பெட்டியில் எழுதியுள்ள உச்ச வோல்ட்டைத் தாண்டினால் கருவி எரிந்துபோகலாம்.

சென்னையிலிருந்து: லடாக் போகிறோம். எந்த வகைப் பேட்டரி?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். வெப்பத்தில் தீப்பிடிக்கும் அபாயமும் மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. ஒரு குறை உண்டு: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. இரவில் நீங்கள் தூங்கும் அறைக்குள்ளேயே வையுங்கள். காலையில் செல்கள் சூடேறிய பிறகு சார்ஜ் போடுங்கள். விமானத்தில் கொண்டுபோய் லேயில் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 160 வாட் மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் எடுத்துச்செல்ல அனுமதியில்லை.

ஈரோட்டிலிருந்து: வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே வைத்தால் மலிவாயிற்றே?

50 கிலோவுக்கு மேல் எடை, உள்ளே அமிலம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன். படுக்கும் இடத்தில் வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து: அப்பாவுக்கு இரவில் சிபேப் கருவி (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் முகமூடி வழியே காற்றைச் செலுத்துவது) வேண்டும். அவரையும் அழைத்துப்போக ஆசை.

தாராளமாக அழைத்துப்போங்கள். அந்தக் கருவியில் அதிக மின்சாரம் தின்பது காற்றை ஈரமாக்கும் ஹீட்டர். மருத்துவர் சம்மதித்தால் அதை அணைத்துவிடுங்கள். கருவியின் நிறுவனம் விற்கும் டி.சி. கேபிளை (இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரி மின்சாரத்தை அப்படியே கொடுப்பது) வாங்கி நேரடியாக இணையுங்கள். இன்வெர்ட்டரை இயக்கினாலே இரவெல்லாம் சும்மா கொஞ்சம் மின்சாரம் வீணாகும். முக்கியமானது, அவருக்கென்று 500 வாட் மணியில் தனிப் பெட்டி ஒன்று. ஃபிரிட்ஜ், கைபேசி எதையும் அதில் செருகக்கூடாது. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஓர் இரவு முழுக்க ஓட்டி, காலையில் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்று குறித்துவையுங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் அடுத்த அளவுக்குப் போங்கள்.