லின்ட்சே லோஹன் ஆவணத் தொடர்: மறுவாழ்வா, விளம்பரமா?

இரண்டும் கலந்ததுதான், ஆனால் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹாலிவுட்டில் குழந்தை நட்சத்திரமாக உச்சிக்குப் போய், போதை, வழக்கு என்று சரிந்தவர் லோஹன். 2013இல் நீதிமன்ற உத்தரவின்படி 90 நாள் மறுவாழ்வு சிகிச்சை பெற்றார். அதன்பின் நியூயார்க்கில் அவர் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கியதை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சொந்தத் தொலைக்காட்சி படமாக்கி, 2014இல் 8 பகுதிகளாக ஒளிபரப்பியது.

திருந்திய கதையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வீடு தேடி அலைகிறார்; பிரிக்காத பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. படப்பிடிப்புக் குழு காத்திருக்கிறது, அவர் வருவதில்லை. கடைசியில் ஓப்ராவே நேரில் வந்து கண்டிப்பாகப் பேச வேண்டியிருந்தது. எனக்குத் தொடரின் உயிரே அந்தச் சந்திப்புதான். நலம் விசாரிப்பவரே முதலாளியும் என்றால், சிகிச்சையிலிருந்து வந்தவர் மனம் திறந்து என்ன பேசுவார்?

படப்பிடிப்பின் நடுவே அவர் இரண்டு வாரம் ஒதுங்கியிருந்ததற்குக் காரணம் கருச்சிதைவு என்பது இறுதிப் பகுதியில்தான் தெரியவருகிறது. அதுவரை அவரைச் சோம்பேறி என்று திட்டிய பார்வையாளர்களுக்குச் சுருக்கென்றிருக்கும்.

உண்மையான மீட்சி கேமரா இல்லாத இடத்தில் நடந்தது. துபாயில் குடியேறினார், 2022இல் திருமணம், நெட்ஃபிளிக்ஸ் படம், 2023இல் குழந்தை.