விண்வெளியும் நம் மொட்டைமாடியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்): 2025 ஜூலை 30 மாலை எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்த ராக்கெட்டில், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த செயற்கைக்கோள் போனதாகச் சொன்னார்கள். சேர்ந்து செய்வது என்றால், ஒருவர் பணம் கொடுக்க மற்றவர் வேலை பார்ப்பதா?

பதில்: இல்லை. மாலை 5.40 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்16 சுமந்து சென்ற அந்த நிசார் செயற்கைக்கோளில் இரண்டு ரேடார்கள் உள்ளன. ஏறத்தாழ 24 செ.மீ. நீளமுள்ள அலையில் இயங்கும் எல் பேண்ட் ரேடாரையும், விண்ணில் குடைபோல் விரியும் 12 மீட்டர் ஆண்டெனாவையும் நாசா தந்தது. அதைவிடக் குறுகிய அலையில் இயங்கும் எஸ் பேண்ட் ரேடார், செயற்கைக்கோளின் உடற்பகுதி, ராக்கெட் ஆகியவை இஸ்ரோவின் பொறுப்பு. அவரவர் பகுதிக்கு அவரவரே செலவு செய்தனர். மேகம் மூடினாலும் இரவானாலும் நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்ததைக்கூடக் கண்டறியும் நிசார், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

இதில் என்னைக் கவர்வது வேறொன்று. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ராக்கெட்டை இயக்கும் கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து வாங்க முயன்றபோது, 1992இல் இஸ்ரோ மீது தடை விதித்த நாடு அமெரிக்கா. பின்னர் நாமே உருவாக்கிய கிரையோஜெனிக் இயந்திரம் பொருத்திய ராக்கெட்தான் இன்று நாசாவின் ரேடாரை மேலே கொண்டுசென்றிருக்கிறது. நட்பு மட்டும் இருந்தால் போதாது, மற்றவருக்குத் தேவையான ஏதேனும் ஒன்று நம் கையிலும் இருக்க வேண்டும் போலும்.

கேள்வி (காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி): என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நடுக்கடலில் ஆபத்து என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும் என்கிறார்கள். அது எந்த நாட்டினுடையது?

பதில்: மீன்பிடிப் படகுகளுக்காக இஸ்ரோ வடிவமைத்த அபாய அறிவிப்புக் கருவியின் பொத்தானை அழுத்தினால், படகின் இருப்பிடம் இந்தியச் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். புதிய கருவிகளில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வருகிறது. இருட்டில் தத்தளிப்பவருக்கு அந்தப் பதிலே பாதி உயிர்.

உங்கள் துறைமுகத்துக்கு அருகே வந்து நிற்கும் சரக்குக் கப்பல்களிலோ 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அபாயக் குரல் கொடுக்கும் கருவி இருக்கும். அதைக் கேட்பது கோஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு அமைப்பு. பனிப்போரின் நடுவே, 1979இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கனடா, பிரான்ஸ் நாடுகளுடன் இணைந்து தொடங்கியது அது. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்தில் இருந்த மூவரின் உயிரைக் காக்க உதவியது சோவியத் செயற்கைக்கோள்! இந்தியாவும் இதில் பங்கேற்கிறது. எக்கருவியானாலும் பதிவு செய்திருக்கிறதா, பேட்டரி சரியாக இருக்கிறதா என்று கடலுக்குக் கிளம்புமுன் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வியாசர்பாடியிலிருந்து ஒரு பள்ளி மாணவி): சுபான்ஷு சுக்லா தங்கிய விண்வெளி நிலையத்தை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?

பதில்: தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம், கண்ணே. 15 நாடுகள் சேர்ந்து உருவாக்கிய அந்த நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. பொழுது சாய்ந்த சற்று நேரத்திலோ விடியலுக்கு முன்போ, நமக்கு இருட்டாகவும் அதன்மீது வெயிலாகவும் இருக்கும் வேளையில், சிமிட்டாத வெள்ளைப் புள்ளியாகச் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். விளக்கு மினுக்கினால் அது விமானம். சென்னைக்கு மேல் அது வரும் நேரத்தை நாசா இலவசமாக வெளியிடுகிறது. அக்டோபர் 4 முதல் 10 வரை ஐ.நா. அறிவித்த உலக விண்வெளி வாரம். மழை மேகம் வழிவிட்டால், அந்த வாரத்தில் ஒரு மாலை உன் வகுப்பையே மாடிக்கு அழைத்துப் போகும்படி ஆசிரியரிடம் கேள்.