மொழி ஆசிரியர் வேலையில் வளர்ச்சி இருக்கிறதா?

மொழிப் பாடம் நடத்தப் போனால் உங்கள் மகள் வருடக்கணக்கில் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றுவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். அப்படித் தேங்கிப்போன ஆசிரியர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் தேங்கியதற்குப் பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். தங்கள் வகுப்பைத் தாங்களே கவனிக்காமல் விட்டதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலையில் சேர்ந்ததும் மாதம் ஒரு வகுப்பை, நிர்வாகத்தின் அனுமதியோடு, அவர் ஒலிப்பதிவு செய்யட்டும். வீட்டில் கேட்கும்போது இரண்டே விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அவர் பார்த்தது அறிவியல் வகுப்புகளை. புது மொழியில் வாக்கியம் அமைக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த அவகாசம் இன்னும் அதிகம் தேவை.

இரண்டாவது, பிழை திருத்தும் விதம். மாணவர் "நேற்று வருவேன்" என்கிறார். ஆசிரியர் "ஓ, நேற்று வந்தீர்களா, சரி" என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார். திருத்தியாகிவிட்டது என்று ஆசிரியர் நினைக்கிறார், ஆனால் மாணவர் அதைக் கவனிக்கவே இல்லை. கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்த லிஸ்டர், ரான்டா இருவரும் 1997-இல் இதைத்தான் எழுதினார்கள்: ஆசிரியர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தும் இந்த முறைக்குத்தான் மாணவர்களிடம் எதிர்வினை குறைவு. அதற்குப் பதிலாக "நேற்றா? மறுபடி சொல்லுங்கள்" என்றால் பெரும்பாலும் அவரே திருத்திக்கொள்வார். இந்த ஒரு மாற்றத்தைப் பழக்கமாக்கவே பல மாதம் பிடிக்கும். வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம், சான்றிதழ்கள். பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வைத்து, பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாரா? ஆங்கிலம் கற்பிப்போருக்கான கேம்பிரிட்ஜின் செல்ட்டா படிப்பில் அப்படி 6 மணிநேரக் கற்பித்தல் பயிற்சி உண்டு. காணொளி பார்த்து வாங்கும் சான்றிதழில் அது கிடைக்காது.

நேர்காணலில் சம்பளத்தோடு, மூத்த ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார அனுமதி உண்டா என்றும் அவர் கேட்கட்டும். அனுமதி தரும் இடத்தில் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் முதல் இரண்டு வருடத்துக்கு அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பாடநூல் எழுதுவது, வினாத்தாள் அமைப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது எல்லாம் பிறகு வரும் வழிகள். வகுப்பில் தேறியவர்களைத்தான் அங்கே தேடுவார்கள்.

ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன், தெரிந்த நாலைந்து பேருக்குச் சில வாரம் பாடம் எடுத்துப் பதிவு செய்து பார்க்கச் சொல்லுங்கள். பதிவைக் கேட்டதும் அடுத்த வகுப்பில் எதை மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றினால், தயங்காமல் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.