பெயரில்லாத பெட்டியில் வரும் ரோபோ

அன்புள்ள ஐயா,

ஹாங்காங்கில் வேலை பார்க்கிறேன். ஷாம் ஷூய் போ பகுதியில் ஃபுக் விங் தெரு முழுக்கப் பொம்மைக் கடைகள். அங்கே லாரியாக மாறும் சிவப்பு ரோபோ ஒன்றைப் பார்த்தேன். அப்படியே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளின் நாயக ரோபோ ஆப்டிமஸ் பிரைம். ஆனால் பெட்டியில் அந்தப் பெயரும் இல்லை, அதை விற்கும் அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ பெயரும் இல்லை. அசலைவிடப் பெரிது, உலோகப் பாகங்கள் வேறு, விலையோ குறைவு. ஏழு வயதுப் பையனுக்கு வாங்கலாமா? ஹாஸ்ப்ரோவே ஜப்பான்காரர்களிடமிருந்து எடுத்ததுதானே, இதில் மட்டும் என்ன தப்பு என்கிறார் நண்பர்.

– ஒரு வாசகர், ஹாங்காங்

அன்புள்ள நண்பருக்கு,

பையனுக்கு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் நண்பரின் கேள்வி. இதைப் பலரும் கேட்கிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது.

ஹாஸ்ப்ரோ எடுத்துக்கொள்ளவில்லை, ஒப்பந்தம் போட்டு வாங்கியது. டக்காரா என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனம் 1983இல் அங்கே ‘பேட்டில் கான்வாய்’ என்று விற்ற லாரிதான் 1984இல் அமெரிக்காவில் ஆப்டிமஸ் பிரைம் ஆனது. அது வந்த டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையில் ரோபோக்கள் எல்லாம் உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரங்கள். அவற்றுக்குச் சொந்தமாகப் பேச்சும் குணமும் தந்தவர்கள் அமெரிக்காவில் மார்வெல் காமிக்ஸ்காரர்கள். பெரும்பாலான பெயர்களையும் குணச்சித்திரங்களையும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. ஆக, மடங்கி விரியும் வித்தை ஜப்பானுடையது, பாத்திரம் அமெரிக்காவுடையது. இரண்டுக்கும் உழைத்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டுக்கும் கூலி போயிருக்கிறது.

போலிகள் வர ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டக்காரா உருவாக்கி ஹாஸ்ப்ரோ விற்றவற்றில் டாப்ஸ்பின், ட்வின் ட்விஸ்ட் என்று இரண்டு சின்ன ரோபோக்கள். அன்றைய ஜப்பானியச் சட்டப் பார்வையில் பொம்மை என்பது பதிப்புரிமைக்குரிய கலைப்படைப்பு அல்ல, வடிவமைப்பு மட்டும்தான். அதனால் டக்காரா பதிப்புரிமைக் குறி எதுவும் போடாமலே, பெரும்பாலும் ஆசியாவில், இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றுவிட்டது. கலிஃபோர்னியாவின் ஸ்பார்க்கிள் டாய்ஸ் அந்தக் குறியில்லாத பொம்மைகளைப் பார்த்து நகலெடுத்து அமெரிக்காவில் விற்றது. குறி இல்லை, அதனால் உரிமையும் இல்லை என்பது அவர்கள் வாதம். 1985 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி அதை ஏற்கவில்லை. விட்டுப்போன குறியைச் சரிசெய்துகொள்ளச் சட்டம் ஐந்தாண்டு அவகாசம் தருகிறது என்று சொல்லி ஹாஸ்ப்ரோ பக்கம் நின்றார்.

அதே 1985இல் ஹாஸ்ப்ரோ பொம்மைகளின் மேலேயே ஒரு கருப்புச் சதுர ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தது. கட்டைவிரலால் தேய்த்தால் சூட்டில் நிறம் மாறி, ஆட்டோபாட் (நல்லவர்கள்) அல்லது டிசெப்டிகான் (வில்லன்கள்) அணியின் முகச் சின்னம் தெரியும். விரலை எடுத்துச் சற்று ஆறியதும் மறுபடி கருப்பு. பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெற்றோருக்கு இது அசல் என்பதற்கு அத்தாட்சி. எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

இன்று சந்தையில் உரிமமில்லாமல் வருபவை ஒரே வகை அல்ல. சேகரிப்பவர்கள் ‘தேர்ட் பார்ட்டி’ என்பவை ஒரு வகை. இவர்கள் பாத்திரத்தின் தோற்றத்தை அனுமதியில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள், பெயரை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் கீல், மடிப்பு, பூட்டு எல்லாம் சொந்த மூளை. ஃபேன்ஸ்புராஜெக்ட் மாதிரியானவர்கள் அசல் பொம்மைக்கு மேலே மாட்டும் கவசம், துப்பாக்கி என்று தொடங்கி, பிறகு முழு ரோபோவுக்கு வந்தார்கள். சட்டப்படி அதுவும் தவறுதான். ஆனாலும் அந்த மடிப்பு வேலையை மதிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

‘கே.ஓ.’ (நாக்-ஆஃப், அதாவது அப்பட்டமான நகல்) என்பது அப்படி அல்ல. அசலை வாங்கி, திருகு திருகாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து அச்சு செய்துவிடுவார்கள். பாத்திரமும் திருட்டு, வித்தையும் திருட்டு. நீங்கள் பார்த்தது பெரிதாக்கிய கே.ஓ. என்றே தோன்றுகிறது. கடையில் கவனிக்க முடியாத ஒன்று அதில் உண்டு. ஒரு பொம்மையை எல்லாப் பக்கமும் கால் பங்கு பெரிதாக்கினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆனால் மூட்டு உரசும் பரப்பு ஒன்றரை மடங்குதான் கூடும். போதாததற்கு உலோகம் வேறு. சின்ன உடம்புக்காகக் கணக்குப் போட்ட இடுப்பும் தோளும் எத்தனை நாள் தாங்கும்? வாங்கியதும் விறைப்பாக நிற்பது, பத்து முறை மாற்றியபின் குனிய ஆரம்பித்துவிடும்.

பையனுக்கு வேண்டாம் என்றது இதற்காக மட்டும் இல்லை. பெட்டியில் தயாரித்தவர் பெயரோ விலாசமோ இல்லை என்றால், பெயின்டில் என்ன இருக்கிறது, காந்தமோ திருகோ கழன்று வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு விடை கிடையாது. தேர்ட் பார்ட்டி பொம்மைகளும் பெரியவர்கள் அலமாரியில் வைக்கச் செய்தவை. கூர்முனை, பொடிப் பாகம் எல்லாம் இருக்கும்.

உரிமம் பெற்றதைத் தேடி வாங்குங்கள். பாதத்தின் அடியிலோ தொடையின் உட்பக்கத்திலோ ஹாஸ்ப்ரோ, டோமி பெயர்கள் பொடி எழுத்தில் வார்த்திருக்கும் (டக்காரா 2006இல் டோமியோடு இணைந்துவிட்டது). போலிகள் பலவற்றில் அந்த இடத்தை மழித்து வெறுமையாக விட்டிருப்பார்கள். ஏழு வயதுக்கு, சேகரிப்பவர்களுக்கென்று வரும் விலையுயர்ந்த மாஸ்டர்பீஸ் வரிசையும் தேவையில்லை. நாலைந்து அசைவில் லாரியாகும் சின்னதாக ஒன்று போதும், அவனே மாற்றிக்கொள்வான்.