வாசகர் கேள்வி–பதில்: ஐஸ் ஹாக்கி

கேள்வி: ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன்ஷிப் அணிகளில் பெரிய பெயர்கள் பலவற்றைக் காண முடிவதில்லையே, நாட்டுக்காக ஆட அவர்களுக்கு மனமில்லையா?

பதில்: மனமில்லாமல் இல்லை, நாட்கள்தான் ஒத்துவருவதில்லை. உலகச் சாம்பியன்ஷிப் பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கிறது. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கிலோ, லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுகள் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை நீள்கின்றன. லீக்கின் 32 அணிகளில் 16 அணிகள் பிளே ஆஃபுக்குள் நுழைந்துவிடுவதால், நுழைய முடியாமல் போனவர்களும் முதல் சுற்றுகளிலேயே தோற்றவர்களும்தான் தேசிய அணிகளுக்குக் கிடைப்பார்கள்; அவர்களிலும் காயத்தோடு பருவத்தை முடித்தவர்கள் சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் போய்விடுவார்கள். ஆகவே, அந்தத் தங்கப் பதக்கத்தை மட்டும் வைத்து உலகின் வலிமையான அணி எது என்று தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

அதற்காக அதைச் சப்பையான போட்டி என்று ஒதுக்குவதும் சரியல்ல. 2024இல் பிராகாவில் செக் அணி தன் சொந்த ரசிகர்கள் முன்னிலையில் சுவிட்சர்லாந்தை 2–0 என்று வென்றது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் அதே சுவிட்சர்லாந்தை அமெரிக்கா கூடுதல் நேரத்தில் 1–0 என்று வீழ்த்தியது. அடுத்தடுத்து இரண்டு இறுதியாட்டங்கள் வரை வந்தும் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் திரும்பிய சுவிஸ் வீரர்களிடம் போய், இது இரண்டாந்தரப் போட்டி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நட்சத்திரங்கள் அனைவரையும் ஒரே தளத்தில் பார்க்க வேண்டுமென்றால், லீக் தன் பருவத்தை நடுவில் நிறுத்தி வழிவிட வேண்டும். 1998 நாகானோ முதல் 2014 சோச்சி வரை ஐந்து ஒலிம்பிக்குகளுக்கு என்.எச்.எல். அப்படி வழிவிட்டது, 2018இலும் 2022இலும் விடவில்லை. 2026, 2030 ஒலிம்பிக்குகளுக்கு வீரர்களை அனுப்பும் உடன்பாடு 2024இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னோட்டம்போல 2025 பிப்ரவரியில் கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகள் மோதிய தொடர் நடந்தது. பாஸ்டனில் நடந்த அதன் இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் அடித்த கோலால் கனடா 3–2 என்று அமெரிக்காவை வென்றது.

கேள்வி: தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி கொடுக்கிறார்களே, இது என்ன நியாயம்?

பதில்: வழக்கமான 60 நிமிடங்களுக்குள் தோற்றால் ஒன்றும் கிடையாது, கூடுதல் நேரத்திலோ, வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டிலோ தோற்றால்தான் ஒரு புள்ளி. என்.எச்.எல்.லில் வெற்றி எப்படி வந்தாலும் இரண்டு புள்ளிகள். உலகச் சாம்பியன்ஷிப்பிலோ, 60 நிமிடங்களுக்குள் வென்றால் மூன்று, அதற்குப் பிறகு வென்றால் இரண்டு. இந்தச் சர்வதேச முறையே எனக்கு நியாயமாகப் படுகிறது. ஏனெனில், என்.எச்.எல்.லில் சமநிலையில் இருக்கும் இரு அணிகள் கடைசிச் சில நிமிடங்களில் துணிந்து ஆடாமல், கையில் இருக்கும் ஒரு புள்ளியைக் காப்பாற்றிக்கொண்டு கூடுதல் நேரத்துக்குப் போவதே ஆதாயம் என்றாகிவிடுகிறது.

பிளே ஆஃபில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. கோல் விழும்வரை 20 நிமிடப் பகுதிகளாக ஆட்டம் தொடரும். 1936இல் டெட்ராய்ட்டும் மான்ட்ரியல் மரூன்ஸும் ஆடிய ஆட்டம் அப்படித்தான் ஆறாவது கூடுதல் பகுதி வரை போனது.

கேள்வி: வரவிருக்கும் ஓர் ஆட்டத்தின் போக்கை முன்கூட்டிக் கணிக்க எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: புள்ளிப் பட்டியலுக்கு முன்னால் கோல்கீப்பர் யார் என்று பாருங்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டு ஆட்டங்கள் வந்தால், பல பயிற்சியாளர்கள் முதன்மைக் கோல்கீப்பரை ஒன்றில் ஆடவைத்துவிட்டு மற்றதில் மாற்று வீரரை இறக்குவார்கள். அன்று காலைப் பயிற்சியின்போதுதான் பெரும்பாலும் இது தெரியவரும் என்பதால், முந்தைய நாளே உறுதியாகச் சொல்லப்படும் கணிப்புகளை நான் அதிகம் நம்புவதில்லை.

அடுத்து, சொந்தத் தளத்தில் ஆடுவது யார் என்பது. ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது, விருந்தினர் அணிதான் முதலில் தன் ஐவரைத் தளத்தில் இறக்க வேண்டும். அவர்களைப் பார்த்துவிட்டு உள்ளூர்ப் பயிற்சியாளர் தன் ஆட்களை அனுப்பலாம். எதிரணியின் சிறந்த தாக்குதல் வீரர் தளத்துக்கு வரும்போதெல்லாம் தன் சிறந்த தடுப்பு வீரர்களை அவர்மேல் ஏவும் வசதி இதனால் கிடைக்கிறது. ஏழு ஆட்டங்கள் கொண்ட பிளே ஆஃப் தொடரில் முதல், இரண்டாம், ஐந்தாம், ஏழாம் ஆட்டங்கள் லீக் சுற்றில் அதிகப் புள்ளி பெற்ற அணியின் தளத்தில் நடக்கும். லீக் சுற்றின் கடைசி வாரங்களில், தகுதி உறுதியான அணிகளும் புள்ளிக்காக மல்லுக்கட்டுவது இதனால்தான்.